ஆன்லைன் கணக்கு வகுப்பு: திருத்தி அனுப்பியதைப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?

கேள்வி (நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு கணித ஆசிரியை), 6 ஜூலை 2024

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேருக்கு மாலையில் ஆன்லைனில் கணக்கு எடுக்கிறேன். வீட்டுப்பாடத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து குறிப்பு எழுதுகிறேன், ராத்திரி பதினொன்று ஆகிவிடுகிறது. மறுநாள் அதே பிள்ளை அதே தப்பைச் செய்கிறது. நேர் வகுப்பு என்றால் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தைப் பார்த்தாவது புரிந்ததா என்று தெரிந்துகொள்ளலாம். ஆன்லைனில் விரிவாகக் குறிப்பு எழுதுவதே வீண், டிக் போட்டு மார்க் போட்டால் போதும் என்று தோன்றுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

6 ஜூலை, இரவு

வீண் இல்லை டீச்சர். ஆனால் உங்கள் குறிப்புக்குப் பிறகு பிள்ளைக்கு ஒரு வேலையும் இல்லை, அங்கேதான் சிக்கல்.

நீங்கள் எழுதி அனுப்புகிறீர்கள், மறுநாள் புதுப் பயிற்சி வந்துவிடுகிறது. பழைய போட்டோவைத் திறந்து படிக்க அதற்கு என்ன அவசியம்? நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். குறிப்பு எழுதினால், அதைப் பார்த்துப் பிள்ளை ஏதாவது செய்து திரும்ப அனுப்ப வேண்டும். ஒரு வரியாவது. அப்படித் திரும்பி வர வழியில்லாத குறிப்பை நான் எழுதுவதே இல்லை.

அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு எடுத்தவள் நான். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது போனில் திருத்தப் பழகினேன். 2021 செப்டம்பரில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மறுபடி திறந்த பிறகும் என் மாலை வகுப்பு ஆன்லைனிலேயே நின்றுவிட்டது. இப்போது ஓய்வு பெற்றும் அதைத்தான் செய்கிறேன். கீழே எழுதுவதெல்லாம் பத்தாம் வகுப்புக் கணக்கை வைத்துத்தான். மற்றப் பாடக்காரர்கள் தங்களுக்கு ஏற்ற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

7 ஜூலை

உதாரணம் கேட்டிருக்கிறீர்கள். அண்மையில் வந்த ஒரு விடையை அப்படியே தருகிறேன்.

2x² − 5x − 3 = 0. காரணிப்படுத்தித் தீர்க்க வேண்டும். பையன் நடு உறுப்பை −6x + x என்று சரியாகப் பிரித்திருந்தான். (2x + 1)(x − 3) = 0 வரை ஒரு பிசகும் இல்லை. கடைசி வரியில் x = 1/2, x = 3 என்று முடித்துவிட்டான். −1/2 வரவேண்டிய இடம்.

'குறி தப்பு' என்று வட்டம் போட்டிருந்தால் ஒரு மைனஸைச் சேர்த்துவிட்டுப் போயிருப்பான், ஏன் என்று யோசிக்காமலே. நானே −1/2 என்று எழுதிக் கொடுத்தால் அந்த வேலைகூட அவனுக்கு இல்லை. 'கவனமாகச் செய்' என்பதில் அவன் கையால் செய்ய ஒன்றுமே இல்லை. எந்தப் பிள்ளையும் கவனமில்லாமல் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுவதில்லை.

நான் எழுதியது இவ்வளவுதான்: 'கடைசி வரிக்கு முந்தின வரி வரை எல்லாம் சரி. x = 1/2 என்று கேள்வியில் போட்டுப் பார். என்ன வருகிறது என்று மட்டும் அனுப்பு.'

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'மிஸ் −5 வருது.' பின்னாலேயே இன்னொன்று: 'பூஜ்யம்ல வரணும்.' அப்புறம் நான் கேட்காமலே திருத்திய வரியின் போட்டோ. அடுத்த பயிற்சியில் விடைக்குப் பக்கத்தில் ரஃப்பாக இரண்டு மூலங்களையும் போட்டுச் சரிபார்த்திருந்தான். எனக்கு அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. தேர்வு அறையில் அவனுக்குப் பக்கத்தில் நான் இருக்கப் போவதில்லை. தன் விடையைத் தானே சோதிக்கிற பழக்கம் கூடப் போகும்.

7 ஜூலை, மாலை

இன்னொன்று. (x + 5)/(x + 3) என்பதில் மேலும் கீழும் x-ஐ அடித்துவிட்டு 5/3 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வருடமும் உண்டு. 'கூட்டலில் அடிக்கக் கூடாது' என்று எத்தனை தடவை சொன்னாலும் நிற்காது. 'x = 1 போட்டு இரண்டையும் கணக்கிடு' என்று எழுதுங்கள். ஒரு பக்கம் 6/4, இன்னொரு பக்கம் 5/3. அதற்குப் பிறகு விதியைச் சொன்னால் காதில் ஏறும்.

9 ஜூலை

நேரக் கணக்குக்கு வருவோம், உங்கள் கேள்வியின் வலி அங்கேதான் இருக்கிறது.

40 பேர், ஆளுக்கு 3 நிமிடம் என்றால் 2 மணி நேரம். தினமும் 2 மணி நேரம் போன் திரையைப் பார்த்துத் திருத்தினால் யாருக்கும் தாங்காது. அதனால் தினமும் எல்லோருக்கும் குறிப்பு என்பதை விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேர். நான்கு நாளில் ஒரு சுற்று வந்துவிடும். இன்று யாருடைய முறை என்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

மீதிப் பேர்? டிக் போடுவது அவர்கள் வேலை. பாடநூலின் கடைசியில் விடைகள் இருக்கின்றன. அதைப் பார்த்துத் தானே டிக் போட்டு, விடை வராத கணக்கில் எந்த வரியில் சந்தேகமோ அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்ப வேண்டும். அந்தக் கேள்விக்குறி எனக்குப் பெரிய உதவி. நான் முழுப் பக்கத்தையும் தேட வேண்டியதில்லை. பிள்ளையும் தன் வேலையை ஒரு தடவை திரும்பிப் படித்தாயிற்று. சில நேரம் கேள்விக்குறி போடும்போதே 'கண்டுபிடிச்சிட்டேன் மிஸ்' என்று வந்துவிடும்.

அப்புறம், ஒரு தாளுக்கு ஒரு குறிப்பு. ஐந்து தப்பு இருந்தாலும் ஒன்றுதான். எதை எடுப்பது? பிள்ளை முதலில் எங்கே தடம் மாறியதோ அதை. பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுதான். ஐந்தையும் சிவப்பில் குறித்து அனுப்பினால் அந்தத் தாளைத் திறக்கவே மனசு வராது.

10 ஜூலை

மேலே எழுதியதை ஒருவர் மறுத்திருக்கிறார். 'ஒரு தப்பை மட்டும் சொன்னால் மற்ற நான்கும் சரி என்று பிள்ளை நினைத்துக்கொள்ளாதா?'

நியாயமான கேள்வி. அதனால்தான் குறிப்பில் 'இந்த வரி வரை சரி' என்று எல்லை போட்டு எழுதுகிறேன். அதற்குக் கீழே உள்ளதை இன்னும் பார்க்கவில்லை என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

14 ஜூலை

மார்க். இதைப் பற்றித்தான் இங்கே நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள்.

இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் செய்த ஒரு ஆய்வு 1988-ல் வெளிவந்தது. மாணவர்களில் ஒரு பிரிவுக்கு மார்க் மட்டும், ஒரு பிரிவுக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்தடுத்த வேலைகளில் மேலே வந்தார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்களின் நிலை மார்க் மட்டும் பெற்றவர்களை ஒட்டியே இருந்தது. குறிப்போடு மார்க்கையும் சேர்த்துக் கொடுத்ததில் குறிப்பின் பலன் போய்விட்டது.

இதைப் படிக்காமலேகூட நமக்குத் தெரியும். தாள் கைக்கு வந்ததும் முதலில் எங்கே பார்க்கிறார்கள்? மூலையில் உள்ள மார்க்கை. அடுத்தது பக்கத்துப் பிள்ளையின் மார்க்கை. ஆன்லைனில் பக்கத்துப் பிள்ளை இல்லை, ஆனால் அவர்களுக்குள் தனியாக ஒரு வாட்ஸ்ஆப் குழு இருக்கும். மார்க் போட்ட நிமிடத்தில் அங்கே ஸ்கிரீன்ஷாட் போய்விடும்.

1996-ல் க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள், செய்த வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வது பலன் தருகிறதா என்று அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 607 அளவீடுகள். சராசரியாகப் பார்த்தால் கருத்துச் சொல்வது பயன் தந்திருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்பதன் பக்கம் போகப் போகப் பலன் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. ராத்திரி பதினொன்று வரை விழித்து எழுதுவது மட்டும் போதாது. நாம் எழுதியதைப் படிக்கும் பிள்ளையின் கண் கணக்கின் மேல் இருக்கிறதா, தன்மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

15 ஜூலை

நேற்று எழுதியதை இரவு திரும்ப யோசித்தேன். பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளையிடம் மார்க்கே காட்டாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. தேர்ச்சிக்கு வேண்டிய 100-க்கு 35 தாண்டுமா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. அவர்களிடம் ஆய்வைப் பேச முடியாது.

நான் செய்வது வரிசையை மாற்றுவதுதான். முதலில் குறிப்பு. பிள்ளை திருத்தி அனுப்பியதும் மார்க். கூகுள் கிளாஸ்ரூமில் இதற்கு வசதி இருக்கிறது: மார்க்கை உள்ளே குறித்து வைத்துக்கொண்டு தாளைத் திருப்பி அனுப்பாமல் இருக்கலாம், தனிக் குறிப்பு மட்டும் பிள்ளைக்குப் போகும். 'திருப்பி அனுப்பு' அழுத்தும்போதுதான் மார்க் தெரியும். வாட்ஸ்ஆப் என்றால் இன்னும் சுலபம், மார்க்கை நம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் போயிற்று.

திருத்திய பிறகு கிடைக்கும் மார்க்கா, முதலில் எடுத்ததா? இரண்டையும் சொல்வேன். '5-க்கு 2, திருத்திய பிறகு 5-க்கு 4.' பெற்றோருக்கும் அப்படியே. 'எவ்வளவு மார்க்' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு அப்பா, பிற்பாடு 'திருத்தி அனுப்பிட்டானா மேடம்' என்று கேட்கத் தொடங்கினார்.

21 ஜூலை

வாய்ஸ் நோட் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

எழுதுவதைவிட வேகம். நம் குரலில் உள்ள அக்கறை எழுத்தில் வராது, அதுவும் உண்மை. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தப் போன் பிள்ளையுடையது இல்லை. அம்மாவுடையது, இல்லையென்றால் அண்ணனுடையது. வாய்ஸ் நோட் ஸ்பீக்கரில் ஓடும். நாம் 'இது ஆறாம் வகுப்பிலேயே தெரிந்திருக்க வேண்டியதும்மா' என்று அன்பாகச் சொன்னாலும் அடுப்படியில் நிற்கும் பாட்டி வரைக்கும் கேட்கும். அன்று இரவு அந்த வீட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு.

ஆகவே தப்பைச் சொல்வதை எழுத்தில் வைத்துக்கொள்கிறேன், வழிமுறையை விளக்குவதைக் குரலில். நன்றாகச் செய்திருந்தால் கண்டிப்பாகக் குரலில். பாட்டிக்கும் கேட்கட்டும்.

வாய்ஸ் நோட் நீளமாக வேண்டாம். ஒரு நிமிடத்துக்குள் முடியாத விளக்கம் என்றால் அது ஒரு பிள்ளைக்கான குறிப்பே இல்லை, வகுப்பில் எல்லோருக்குமாகச் சொல்ல வேண்டியது.

22 ஜூலை

வடிவியலுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிப்புள்ளியிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வில் 8 மார்க் கேள்வி, விடக் கூடாதது. ஆனால் போட்டோவில் அளக்க முடியாது. போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே 5 செ.மீ. கோடு சுருங்கித் தெரியும், வட்டம் முட்டை வடிவமாகிவிடும். பிள்ளை சரியாக வரைந்ததா, போட்டோ சாய்ந்ததா என்று நமக்குத் தெரியாது.

படத்துக்குப் பக்கத்திலேயே ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். மையத்தையும் வெளிப்புள்ளியையும் சேர்க்கும் கோட்டை ஒட்டி ஸ்கேல் இருக்க வேண்டும், எண்கள் தெரிய வேண்டும். போன் நேர் மேலே இருக்க வேண்டும். காம்பஸ் வில்களை அழிக்கக் கூடாது.

அதைவிட நல்லது, அளக்கும் வேலையையும் பிள்ளைக்கே கொடுப்பது. ஆரம் 3 செ.மீ., புள்ளி 5 செ.மீ. தூரத்தில் என்றால் தொடுகோட்டின் நீளம் 4 செ.மீ. வரவேண்டும். வரைந்து அளந்து, பிதாகரஸ் போட்டுப் பார்த்து, இரண்டும் எவ்வளவு வித்தியாசம் என்று எழுதி அனுப்பச் சொல்வேன். '4.3 வருது மிஸ்' என்று வந்தால் என் குறிப்பு ஒரே வரி: 'மையக்குத்துக்கோட்டை மறுபடி வரை, இரண்டு பக்கமும் காம்பஸ் அளவு மாறாமல் இருந்ததா பார்.' இந்தச் சரிபார்த்தலை எப்படியும் தேர்வில் எழுதத்தான் வேண்டும்.

22 ஜூலை, இரவு

உயரமும் தூரமும் பற்றிக் கேட்டவருக்கு: முதலில் படத்தை மட்டும் வாங்குங்கள், கணக்கை அப்புறம். 60 மீ கோபுர உச்சியிலிருந்து தரையில் உள்ள ஒரு புள்ளியின் இறக்கக் கோணம் (கிடைக்கோட்டிலிருந்து கீழே பார்க்கும் கோணம்) 30° என்றால் பாதிப் பிள்ளைகள் அந்தக் கோணத்தைக் கோபுரத்துக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவில் குறிப்பார்கள். கோபுர அடியிலிருந்து அந்தப் புள்ளிக்கு 60√3 மீ வரவேண்டிய தூரம் 20√3 மீ ஆகிவிடும். கீழே எத்தனை வரி சரியாகப் போட்டாலும் பயனில்லை. 'உச்சியிலிருந்து ஒரு கிடைக்கோடு புள்ளிபுள்ளியாகப் போட்டுப் படத்தை மட்டும் திரும்ப அனுப்பு.' இதற்கு மேல் எழுத வேண்டாம்.

2 ஆகஸ்ட்

திருத்தி அனுப்பச் சொன்னால் பாதிப் பேர்தான் அனுப்புகிறார்கள் என்கிறீர்கள். எப்போது அனுப்புவார்கள்? பள்ளி விட்டு வருகிறது பிள்ளை, அப்பா வேலையிலிருந்து வந்த பிறகுதான் போன் கைக்கு வருகிறது. புது வீட்டுப்பாடத்தையே ஒன்பது மணிக்கு மேல் அனுப்பும் வீட்டில் பழையதைத் திருத்த நேரம் எங்கிருந்து வரும்?

அந்த நேரத்தை வகுப்புக்குள்ளேயே கொடுங்கள். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் முதல் 10 நிமிடம் நான் புதுப் பாடம் தொடங்குவதில்லை. எல்லோரும் நோட்டைத் திறந்து, குறிப்பு வந்தவர்கள் திருத்துவார்கள், வராதவர்கள் தங்கள் கேள்விக்குறிகளைத் திரும்பப் பார்ப்பார்கள். நான் பேசாமல் இருப்பேன். பாடம் ஓடவில்லையே என்று ஆரம்பத்தில் மனசு அடித்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு கணக்கை எடுப்பதைவிட அந்த 10 நிமிடத்தில் நடப்பது அதிகம்.

2 ஆகஸ்ட், தொடர்ச்சி

நேரலையிலேயே கருத்துச் சொல்வது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் 'எஸ் மிஸ்' தவிர வேறு பதில் வராது. கேமரா எல்லாம் அணைந்திருக்கும். ஜூமில் பிள்ளைகளின் சாட் ஆசிரியருக்கு மட்டும் வரும்படி மாற்றி வைக்கலாம். அதை வைத்துவிட்டு ஒரு சின்னக் கணக்கு கொடுத்து, அடுத்த வரியை மட்டும் தட்டச் சொல்லுங்கள். மற்றவர் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்ததும், வாயே திறக்காத பிள்ளைகளிடமிருந்து பதில் வரும். தப்பான பதில்களும் வரும், நமக்கு வேண்டியவையே அவைதான். பெயர் சொல்லாமல் 'இப்படி வந்திருக்கிறது, இதை எப்படிச் சோதிக்கலாம்?' என்று அங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.

4 ஆகஸ்ட்

பெயர் சொல்லாமல் என்று எழுதினேன். ஒன்று சேர்க்க வேண்டும். பிள்ளையின் போட்டோவை, பெயரை மறைத்துவிட்டு, குழுவில் போட்டு 'இந்தத் தப்பைப் பாருங்கள்' என்று காட்டும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒருவர் கையெழுத்து இன்னொருவருக்கு நன்றாகத் தெரியும். நோட்டின் அட்டை, டேபிள் விரிப்பு, பேனா நிறம் எல்லாம் தெரியும். அந்தத் தப்பை என் கையால் வெள்ளைத்தாளில் எழுதித்தான் காட்டுவேன். எண்களையும் மாற்றிவிடுவேன். மார்க் பட்டியலைக் குழுவில் ஒட்டுவதும் இதே வகைதான். ஒரு இடத்தில் அப்படி ஒட்டியதால் ஒரு பெண் குழுவை விட்டே வெளியேறிவிட்டாள். திரும்ப அழைத்துவர வெகு நாளாயிற்று.

11 ஆகஸ்ட்

பொதுத்தேர்வில் ஒரு மார்க் கேள்விகள் 14. இவற்றைக் கூகுள் ஃபார்மில் வைப்பவர்கள் 'சரி / தவறு' மட்டும் காட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். தப்பான விடைகள்தான் நமக்குச் செய்தி.

(sin θ + cos θ)² எதற்குச் சமம் என்று கேட்டு, தெரிவுகளில் 1 என்று ஒன்று வையுங்கள். அதை எடுக்கும் பிள்ளைக்கு முக்கோணவியல் முற்றொருமை நன்றாகத் தெரியும். (a + b)² விரிவைத்தான் கோட்டைவிட்டிருக்கிறது. அதற்கு 'தவறு, முக்கோணவியலைத் திரும்பப் படி' என்று சொன்னால் அநியாயம் இல்லையா? ஃபார்மில் விடைக்கு ஏற்ப வேறு வேறு பகுதிக்கு அனுப்பும் அமைப்பு இருக்கிறது. 1 என்று தட்டியவர்களை நான் அனுப்பும் பகுதியில் இரண்டு கேள்விதான்: (3 + 4)² எவ்வளவு? 3² + 4² எவ்வளவு? 49-ம் 25-ம் எழுதிவிட்டு முதல் கேள்விக்குத் திரும்ப வரும்போது கை தானாக 1 + 2 sin θ cos θ-க்குப் போகும்.

தயாரிக்க நேரம் ஆகும். ஆனால் ஒரு தடவை செய்துவிட்டால் அடுத்த வருடமும் அதே தப்புகள்தான் வரும், அதே ஃபார்ம் உதவும்.

18 ஆகஸ்ட்

செயலியில் படம் பிடித்து விடையைப் பார்த்து எழுதும் பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். கண்டுபிடிப்பது கடினமில்லை. காரணிப்படுத்தச் சொன்ன கணக்கில் சூத்திர முறை இருக்கும், அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இருக்காது.

நான் குற்றம் சாட்டுவதில்லை. 'மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரிக்கு எப்படிப் போனாய்? வாய்ஸ் நோட்டில் சொல்.' அவ்வளவுதான். சொல்லிவிட்டால் எங்கே பார்த்து எழுதினால் என்ன, புரிந்துவிட்டது. சொல்ல முடியாவிட்டால் அந்த வரி எது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது, அங்கிருந்து தொடங்கலாம். 'காப்பியடித்தாயா' என்று கேட்டிருந்தால் இல்லை என்பதைத் தவிர வேறு பதில் வராது. அதில் கணக்கும் இல்லை.

1 செப்டம்பர்

பாராட்டு. 'குட்', 'வெரி குட்', நட்சத்திரம், கைதட்டும் படம். இவற்றை விட்டுவிடவா என்று கேட்டவருக்கு: விட வேண்டாம், பிள்ளைக்கு அது ஒரு புன்னகை. ஆனால் அதையே குறிப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

2007-ல் ஹாட்டி, டிம்பர்லி என்ற கல்வி ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையில் கருத்துகளை நான்கு மட்டமாகப் பிரிக்கிறார்கள்: வேலையைப் பற்றியது, வேலை செய்த முறையைப் பற்றியது, தன்னைத் தானே கண்காணிப்பதைப் பற்றியது, ஆளைப் பற்றியது. கடைசி மட்டம்தான் மிகக் குறைவாகப் பயன்படுகிறது. 'நீ புத்திசாலி' என்பது அந்த வகை. அதை வைத்துக்கொண்டு நாளைக்கு என்ன செய்வது?

பாராட்டவும் ஒரு வரியைக் காட்டிப் பாராட்டுங்கள். 'தொகுதியையும் பகுதியையும் காரணிப்படுத்திய பிறகுதான் அடித்திருக்கிறாய், இதை விடாதே.' நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். எல்லாம் சரியாகப் போடும் பிள்ளைக்கு வருடம் முழுக்க டிக் மட்டும்தான் கிடைக்கிறது. அதற்கும் திரும்ப அனுப்ப ஒரு வேலை வேண்டும். 'இதையே வர்க்கப்பூர்த்தி முறையில் போடு, எது சுருக்கம் என்று சொல்.' அப்படிக் கேட்டதற்கு ஒரு பெண் ஒரு பக்கம் எழுதி அனுப்பினாள், முறைகளை ஒப்பிட்டு. அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

8 செப்டம்பர்

நாமக்கல் டீச்சர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார். பத்துப் பேர் சுற்றும் முதல் 10 நிமிடமும் நடக்கிறதாம், ராத்திரி ஒன்பதரைக்கு வேலை முடிகிறதாம். படிக்கவே நிம்மதியாக இருக்கிறது. 'ஆனால் எதுவுமே அனுப்பாத நான்கைந்து பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கு எதன்மேல் குறிப்பு எழுதுவது?' என்று கேட்கிறார்.

இவர்களுக்குத்தான் நம் நேரம் அதிகம் போக வேண்டும். 'ஏன் அனுப்பவில்லை' என்று கேட்காதீர்கள். போன் இல்லை, டேட்டா தீர்ந்துவிட்டது என்று பதில் வரும். பல வீடுகளில் அது உண்மையும்கூட. முழுப் பயிற்சியைக் கேட்காமல், மிகச் சிறியதாக ஒன்றைக் கேளுங்கள். நான் கேட்பது: 'இந்த ஐந்து கணக்கில் உனக்குப் போட முடியும் என்று தோன்றுவது எவை? எண்ணை மட்டும் அனுப்பு.' இதற்கு போட்டோவும் வேண்டாம், டேட்டாவும் பெரிதாக வேண்டாம். இணையம் இல்லாவிட்டால் சாதாரண எஸ்எம்எஸ் போதும்.

என் வகுப்பில் அப்படி ஒரு பெண் '1, 3' என்று மட்டும் அனுப்பினாள். ஐந்தையும் பார்த்தேன். 1-ம் 3-ம் முழு எண் கெழுக்கள். விட்டவை எல்லாம் பின்னம் வருபவை. அவளுக்கு இருபடிச் சமன்பாட்டில் சிக்கலே இல்லை, 2/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டுவதில்தான் தயக்கம். போனில் கூப்பிட்டேன். அவள் அம்மா எடுத்தார், 'என்ன பண்ணிட்டா மேடம்' என்று பயந்துகொண்டே. 'ஒன்றும் இல்லம்மா, இரண்டு கணக்கு தெரியும்னு சொல்லியிருக்கா, அதைக் கேட்கத்தான்' என்றேன்.

இப்போது அவளுக்குத் தனியாகத் தினமும் இரண்டு பின்னக் கணக்கு போகிறது, அவளும் அனுப்புகிறாள். மற்றவர்களோடு சேர்ந்து காலாண்டுத் தேர்வை எழுதும்போது முழுப் பாடத்தையும் எட்டிப் பிடித்திருக்க மாட்டாள். அரையாண்டுக்குள் பிடித்துவிடலாம். உங்கள் நான்கைந்து பேருக்கும் நாளைக்கே அந்தக் கேள்வியை அனுப்புங்கள், என்ன எண்கள் வருகின்றன என்று இங்கே எழுதுங்கள். சேர்ந்து பார்ப்போம்.